கம்பி வீலும் தோசைக்கல் வீலும்

மோட்டார் ரிப்பேர் தொழிலில் வண்டி கெட்டுப்போனால் சரிசெய்துவிடலாம். தன் வண்டிதான் உசத்தி என்று வண்டிக்காரர் முடிவு கட்டிவிட்டால் அதைக் கழற்றி மாட்ட எந்தக் கடையிலும் ஸ்பேனர் விற்பதில்லை. துணிக்கடையோ மளிகைக்கடையோ, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிப் பிழைக்கிற என் சக கஷ்டவாளிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர், பேர் சவரிமுத்து. யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்கு அடியில் படுத்தே தொழில் கற்றேன். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த புதிதில் புதுக்கோட்டைக்கு வந்து, திருமயம் ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்று போட்டேன். வெல்டிங் வேலைக்குக் கூட்டாளியாகக் காதர் வந்து சேர்ந்தான். எங்களுக்குச் சோறு போட்டவை பஸ்ஸும் லாரியும். எங்கள் தலையைத் தின்றவை இரண்டு சின்ன வண்டிகள். இரண்டும் ஒரே இங்கிலீஷ் கம்பெனியில், முன்னும் பின்னுமாகப் பிறந்தவை. கம்பெனி பேரைச் சொல்லப்போவதில்லை. உள்ளூர்க்காரர்களோடு மல்லுக்கட்டியதே எனக்குப் போதும்.

வந்து இறங்கிய பாதி

அரிமளம் வள்ளியப்பன் பினாங்கில் கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. யுத்தம் முடிந்து, அங்கே வியாபாரத்தை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் வந்து கொஞ்ச நாள் கழித்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் அவருடைய கார் இறங்கியது. அதை ஓட்டிவர என்னையும் கூட்டிப்போனார். நானும் பட்டாளத்தில் எத்தனையோ வண்டி பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பச்சை நிறம். நீண்ட மூக்கு. மேலே கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூடிக்கொள்ள ஒரு கித்தான் மட்டும். சீட்டு இரண்டே இரண்டு. முன்கண்ணாடியைக் கூட மடக்கிப் படுக்க வைத்துவிடலாம். நாலு சக்கரத்துக்கும் சைக்கிள் மாதிரி கம்பி. வெயில் பட்டு அது சுற்றும்போது வெள்ளித் தாம்பாளம் சுற்றுவது போல இருக்கும்.

அரிமளம் வந்து சேரும்போது எங்கள் இரண்டு பேர் தலையிலும் செம்மண் படிந்து, புருவம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. தெருவே கூடிவிட்டது. வள்ளியப்பன் இறங்கி, பெருமையாக பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டுக்காரி மெய்யம்மை ஆச்சி வாசல்படியில் நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் உற்றுப் பார்த்தார். பிறகு புருஷனிடம் நிதானமாகக் கேட்டார்:

"மிச்ச வண்டி அடுத்த கப்பல்ல வருதா?"

தீர்ந்துபோன கம்பி

மெய்யம்மை ஆச்சியின் தம்பி நாச்சியப்பன், பக்கத்து ராயவரத்தில் இருந்தார். சென்னையில் காலேஜ் படித்தவர். அக்காள் வீட்டுக்காரரை 'அயித்தான், அயித்தான்' என்று சுற்றிச் சுற்றி வருவார். அந்தப் பச்சை வண்டியில் ஏறிப் போகாத ஊர் இல்லை. நாலைந்து வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் அவரே சென்னைக்குப் போய் அதே கம்பெனியின் புது மாடலை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அயித்தானுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று நேரே என் கொட்டகைக்கு வந்து நிறுத்தினார். பச்சை வண்டி அப்போது ஆயில் மாற்ற அங்கே நின்றது.

வள்ளியப்பன் புது வண்டியை வலம் வந்தார். கறுப்பு நிறம். பழசைவிட அகலம் அதிகம், உயரம் குறைவு. முன்னும் பின்னும் பம்பர் வைத்து, குத்தாலத்துக்குப் போகிற குடும்பஸ்தன் மாதிரி அடக்கமாக இருந்தது. முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங்கில் தொங்கின. ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். இதையெல்லாம் நாச்சியப்பன் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். வள்ளியப்பன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கம்பி இல்லை. ஓட்டை போட்ட இரும்புத் தட்டு. விரலை மடக்கி அதில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கம்பெனிக்காரன்ட்ட கம்பி தீந்துபோச்சு போலருக்கு சவரி. தோசைக்கல்லை மாட்டி அனுப்பிச்சுட்டான்."

இரண்டு பேருக்கும் நல்லவன்

அந்த வாரத்துக்குள் புதுக்கோட்டை முழுக்க அது தோசைக்கல் வண்டி ஆகிவிட்டது. கடைத்தெருவில் போனால், "தோசைக்கல்லு போகுது பாரு" என்றார்கள். நாச்சியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் நியாயம் கேட்க ஆரம்பித்தார்கள்.

வள்ளியப்பன் சொல்வார்: "வண்டின்னா ரோடு கைக்குத் தெரியணும். கல்லு கெடந்தா கல்லு, மண்ணு கெடந்தா மண்ணு. மாப்பிள்ளை வண்டியில ஒரு மண்ணும் தெரியல." நாச்சியப்பன் சொல்வார்: "அண்ணே, ரோட்டைத் தெரிஞ்சுக்கணும்னா எறங்கி நடந்து போகலாமே. காரு எதுக்கு?" நான் மூத்தவரிடம், "அழகுன்னா ஒங்க வண்டிதாண்ணே" என்பேன். இளையவரிடம், "சொகம்னா ஒங்க வண்டிதான்" என்பேன். இரண்டும் உண்மை. அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

நான் கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ரோட்டோரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பச்சை வண்டி பிடித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்கெல்லாம் கறுப்பு வண்டி பிடித்தது. வாங்க வழியில்லாதவர்கள்தான் இரண்டைப் பற்றியும் ரொம்பக் கண்டிப்பாகப் பேசினார்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரு வாத்தியார், புது மாடல் வளைவில் சரியாகத் திரும்பாது என்று என் கொட்டகையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அடித்துப் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். "இன்னைக்கு ஒரே வார்த்தையாச் சொல்லிரு. எது நல்ல வண்டி?" என்றார் வள்ளியப்பன். தப்பிக்க நினைத்து, "பானெட்டைத் தெறந்தா ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இன்ஜின் ஒரே இன்ஜின்" என்றேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அதுவரை ஒருவர் மேல் ஒருவர் கோபமாக இருந்தவர்கள், இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் கோபித்துக்கொண்டு போனார்கள். காதர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்:

"எது நல்ல வண்டின்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணே. அப்புறம் ஒண்ணுதான் நம்ம கடைக்கு வரும்."

கேட் கீப்பர் தீர்ப்பு

வாய்ப்பேச்சில் முடியாது என்று ஆனபிறகு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். திருமயம் கோட்டைக்கு எதிரே கிளம்பி என் கொட்டகைக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர் வண்டி உசத்தி. தோற்றவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. சாட்சிக்கு ஆள் வேண்டுமே. நான் நாச்சியப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். காதர் வள்ளியப்பன் பக்கத்தில். காலை நேரம், காற்று நன்றாக இருந்தது. கோட்டையைப் பார்க்க வந்த நாலு பேர் கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

கிளம்பியதும் பச்சை வண்டி முந்திக்கொண்டது. எடை குறைவு, துள்ளிப் பாய்ந்தது. நாங்கள் அதன் புழுதியைத் தின்றுகொண்டே போனோம். தார் ரோடு முடிந்து கப்பி ரோடு வந்ததும் கதை மாறியது. பச்சை வண்டிக்கு முன்னச்சு ஒரே இரும்புக் கட்டை, பட்டை ஸ்பிரிங்கோ பலகை மாதிரி விறைப்பு. கல்லுக்குக் கல் அது தாவியதில் காதர் சீட்டில் இருந்த நேரத்தைவிடக் காற்றில் இருந்த நேரம் அதிகம். எங்கள் வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. நெருங்கிவிட்டோம். இன்னும் ஒரு வளைவில் தாண்டிவிடுவோம் என்ற இடத்தில், எதிரே ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

இரண்டு வண்டியும் கேட்டுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது முதலில் நின்றது என்று இரண்டு பேரும் தகராறு. காதரைக் கேட்டால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் கையைக் காட்டினான். நான் சொன்னால் ஒரு பக்கத்துச் சாட்சி என்பார்கள். கேட் கீப்பர் ஒரு நடுவயசுக்காரர், பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் மரியாதையாகவே சொன்னார்:

"சத்தம் ஒண்ணாத்தானேங்க கேட்டுச்சு. நான் ஒரு வண்டின்னுல்ல நெனச்சேன்."

ஒரு வார்த்தை

அதோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ரயில் வரும்வரை நிற்க வேண்டியிருந்ததுதான் வினை. கேட்டில் மாட்டு வண்டிகளும் ஒரு பஸ்ஸும் வந்து சேர்ந்துவிட்டன. அத்தனை பேர் பார்க்க வள்ளியப்பன், "தோசைக்கல்லை வச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு மாப்பிள்ளை" என்றார். நாச்சியப்பன் சின்ன வயசு. படபடவென்று பதில் சொல்லிவிட்டார்: "நானாவது தோசை சுட்டுத் தின்னுருவேன் அயித்தான். ஒங்களுக்குக் கம்பி எண்ணுறதுதானே பொழப்பு."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பி எண்ணுவது என்றால் நம் ஊரில் ஜெயிலுக்குப் போவது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். யுத்தத்தின்போது பினாங்கில் ஜப்பான்காரர்கள் வள்ளியப்பனைச் சில மாதம் சிறையில் போட்டிருந்தார்கள். எதற்கென்று அவருக்கே சொல்லவில்லையாம். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழியில் சொன்னார்: வெளியே வந்து கொஞ்சம் தலை நிமிர்ந்ததும், தனக்கென்று முதலில் வாங்கியது இந்த வண்டியைத்தான் என்று. அதன் மேல் ஏன் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. எந்தப் புது மாடல் வந்தாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேட் திறந்ததும் வள்ளியப்பன் புதுக்கோட்டைக்குப் போகாமல், வண்டியைத் திருப்பிக்கொண்டு அரிமளத்துக்கே போய்விட்டார். காதர் பாதி வழியில் இறங்கிப் பஸ்ஸில் வந்தான். நாச்சியப்பனுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. மறுநாள் அரிமளத்துக்குப் போயிருக்கிறார். அயித்தான் முகம் கொடுக்கவில்லை.

பேச்சுவார்த்தை நின்றுபோனது. அப்போது ராயவரத்தில் மெய்யம்மை ஆச்சியின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஒரே மருமகன் வரவில்லையென்றால் ஊர் என்ன பேசும்? ஆச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். "நீ போய்ட்டு வா" என்பதோடு சரி. கடைசியில் ஒருநாள் ஆச்சி வாடகைக் கார் வைத்துக்கொண்டு என் கொட்டகைக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து வாங்கித் தந்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"சவரிமுத்து, ரெண்டு வண்டியும் ஒரேயடியா ஓடாமப்போக ஏதும் வழியிருக்குங்களா?"

கண்ணால் கேட்ட வழி

அதற்கு வழி இருந்தது. ஆனால் எனக்குக் கை வரவில்லை. "ஆச்சி, கெட்ட வண்டியை ஓட வைக்கத்தான் எனக்குத் தெரியும்" என்றேன். ஆச்சி காப்பியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுங்க" என்றார். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பெண்கள் காரில் ஏறுவதற்கே நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

நாச்சியப்பன் மறுபேச்சில்லாமல் கறுப்பு வண்டியைக் கொடுத்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்தால் போதும் என்று இருந்தார். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையை ஒட்டி ஆளில்லாத ரோட்டில் பாடம் நடந்தது. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது. அந்த மாடலில் எதையெல்லாம் குறை என்று ஆம்பளைகள் என் பெஞ்சில் உட்கார்ந்து அடுக்கினார்களோ, அத்தனையும் ஆச்சிக்கு உதவி. ஸ்டீயரிங் லேசு. பிரேக் மிதித்தால் நேராக நிற்கும். ரோட்டோரக் கல்லில் லேசாக உரசியபோது பம்பர் தாங்கிக்கொண்டது. பச்சை வண்டி என்றால் ஸ்டீயரிங்கைப் பிடித்து மல்லுக்கு நிற்க வேண்டும். கொஞ்சம் திருப்பினால் அதற்கு விஷயம் தெரியவே நேரம் ஆகும்.

ஆச்சி சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கியர் போடும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வார். ஹாரன் அடிக்க மாட்டார், அது மரியாதை இல்லையாம். ரோட்டில் யாராவது வழியை மறித்து நின்றால், வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி முகத்தையே பார்ப்பார். ஒருநாள் அரிமளம் பஸ், நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆச்சி பக்கத்தில் நிறுத்தி டிரைவரையே பார்த்தார். டிரைவர் வேகவேகமாகப் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னார்:

"வழி வேணும்னா ஹாரன் அடிங்க ஆச்சி. இப்பிடிப் பாக்காதீங்க, எங்க ஆத்தா நெனப்பு வந்துருது."

உப்பளம் பார்க்கப் போனவர்

இது ஒன்றும் வள்ளியப்பனுக்குத் தெரியாது. அவர் அந்த நாட்களில் வீட்டில் தங்குவதே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கிட்டாவது கிளம்பிவிடுவார். கல்யாணம் நெருங்கிய சமயத்தில், கோட்டைப்பட்டினத்தில் உப்பளம் ஒன்று விலைக்கு வருகிறதென்று அங்கே போனார். அப்போது அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் ரோடு என்பது, ரோடு வரப்போகிறது என்பதற்கு ஒரு அடையாளம். அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் டிரைவர் ஒருவர் எனக்குச் சேதி கொண்டுவந்தார். செட்டியார் முதுகு பிடித்துப் படுத்திருக்கிறார், வண்டியை எடுக்க ஆள் வேண்டும் என்று. ஒரு லாரியை அமர்த்திக்கொண்டு நானும் காதரும் போனோம். அங்கே வள்ளம் வைத்து மீன் வியாபாரம் பண்ணுகிற மரைக்காயர் ஒருவர் வீட்டில், தரையில் போட்ட படகுப் பலகை ஒன்றின் மேல் வள்ளியப்பன் நெட்டுக்கு நீட்டிப் படுத்திருந்தார். காரிலிருந்து இறங்கியதும் நிமிர முடியவில்லையாம். கூப்பிட்ட சத்தம் கேட்டு மரைக்காயர் வீட்டு ஆட்கள் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். கஞ்சியும் மீனும் கொடுத்து நன்றாகத்தான் கவனித்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் வள்ளியப்பன் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதுதான். ஒன்றும் இல்லை. சக்கரத்தில் சில கம்பி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஓட்டியவர்தான் பழுது. அவரை லாரியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். அவர் படுத்தபடியே கையை ஆட்டி, "கடக்கரையில நிறுத்தி வைக்காத சவரி, உப்புக் காத்து ஆகாது" என்று வண்டியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மரைக்காயர் பச்சைக் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்தப் பட்டை ஸ்பிரிங்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. எழுந்து லாரிப் பக்கம் வந்து சொன்னார்:

"இதுல வந்ததுக்கு எங்க வள்ளத்துல வந்திருக்கலாங்க. அலையாச்சும் நடுவுல கொஞ்சம் நின்னு அடிக்கும்."

வந்தது தெரியவில்லை

வீட்டுக்கு வந்து வைத்தியம் பார்த்தார்கள். எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறினார். ஆனால் குலுக்கலான வண்டி எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வள்ளியப்பனுக்கு இது நல்ல சாக்கு. "டாக்டரே வண்டி ஏறக் கூடாதுன்னுட்டாரு, நான் என்ன செய்ய?" என்று மாமனார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். ஆச்சி இரண்டு நாள் முந்தியே ராயவரத்துக்குப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நான் அரிமளத்தில் இருந்தேன், பச்சை வண்டியின் சக்கரக் கம்பிகளை முறுக்கிக் கொடுக்க. வள்ளியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேற்பார்வை. ஆனால் கண் அடிக்கடி ராயவரம் ரோட்டுப் பக்கம் போனது. மேளச் சத்தம் கேட்கிற தூரம் இல்லை. இருந்தாலும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது தெருமுனையில் தோசைக்கல் வண்டி திரும்பியது. "எவன் வாரான் பாரு" என்றார். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆச்சி ஓட்டிவந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். தனியாக.

ஆச்சி இறங்கவில்லை. "டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். குலுக்காத வண்டின்னா ஏறலாமாம். ஏறுங்க" என்றார். "நீ எப்ப..." என்று ஆரம்பித்தார் வள்ளியப்பன். "அதை வழியில சொல்றேன். எங்கப்பச்சி மாலையை வச்சுக்கிட்டு நிக்காங்க." தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளியப்பன் உள்ளே போய் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். முன்னால் அவர் தலை அசையாமல் போவது எனக்குத் தெரிந்தது. என் தலை எப்படி ஆடியதென்று கேட்க வேண்டாம்.

ராயவரம் வீட்டு வாசலில் நாச்சியப்பன் நின்றிருந்தார். அயித்தான் இறங்குவதற்குள் ஓடிவந்து, கண் கலங்கி, "நான் சக்கரத்துக் கம்பியைத்தான் சொன்னேன் அயித்தான். சத்தியமா வேற ஒண்ணும் நெனைச்சுச் சொல்லல" என்றார். வள்ளியப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். "தெரியும் மாப்பிள்ளை. ஜெயிலைச் சொல்லியிருந்தா அன்னைக்கே மறந்துருப்பேன். வீலைச் சொன்னதுதான் பொறுக்கல" என்றார். பிடித்த தோளை மட்டும் விடவில்லை. அப்படியே உள்ளே போனார்கள். மணவறையில் இருந்த மாமனார், முதுகு எப்படி இருக்கிறது, வண்டியில் வந்தது சிரமமா என்று கேட்டார். வள்ளியப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வண்டி மோசம்தான் மாமா. வந்ததுதான் தெரியல."

மூன்றாவதாக வந்தது

அதற்குப் பிறகும் அபிப்பிராயம் மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். தம்பியின் கறுப்பு வண்டியை ஆச்சி ஓட்ட, வள்ளியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, வழிநெடுகக் குறை சொல்லிக்கொண்டே போவார். ஒருநாள் என்னிடம் ரகசியமாக வந்து, கறுப்பு வண்டிக்குக் கம்பி வீலை மாட்டிவிட முடியுமா என்று கேட்டார். ஹப்பு வேறு, ஏறாது என்றேன். "அப்ப நான் கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று போய்விட்டார்.

சில வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து ராமநாதன் என்று ஓர் இளைஞர் புதுக்கோட்டைக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் ஐஸ் பாக்டரி போடும் யோசனையோடு வந்தவர். அவரோடு அதே கம்பெனியின் அதற்கடுத்த மாடல் வந்தது, சிவப்பு நிறத்தில். மூக்கைச் சாய்த்து வழித்து, முன்விளக்கை மட்கார்டுக்குள் பாதி புதைத்திருந்தார்கள். சர்வீசுக்கு என் கொட்டகையில் நின்றபோது அயித்தானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். நான் காதரைப் பார்த்தேன். காதர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு வெல்டிங்கில் மூழ்கிவிட்டான், வெல்டு பண்ண எதுவும் இல்லாமலே.

"இது என்ன மூஞ்சி, தூங்கி எந்திரிச்ச மாதிரி?" என்றார் வள்ளியப்பன். "வெளக்குக்கு அவமானம் அயித்தான், உள்ள போயி ஒளிஞ்சுக்கிருச்சு" என்றார் நாச்சியப்பன். ராமநாதன் பாவம், கீழே காட்டி, "கம்பி வீல் இருக்குங்களே" என்றார். வள்ளியப்பன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, கம்பி கெடக்கட்டும். இதுக்கு முந்தின மாடலைப் பாத்திருக்கீங்களா? என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு ஓட்டம். அதோட கம்பெனி கெட்டுப்போச்சு" என்றார். நாச்சியப்பன் பெருமையில் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, பம்பரிலிருந்து பின் விளக்குவரை அந்தச் சிவப்பு வண்டியை உரித்துத் தொங்கப்போட்டார்கள். ராமநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்கள் போனபிறகு என்னிடம் கேட்டார்:

"இவுக ரெண்டு பேரும் எப்பவுமே இப்பிடித்தான் ஒத்துமையா இருப்பாகளா?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், யாருக்கும் பிடிக்காத ஒரு மாடலை ஊரே மெச்ச வேண்டுமானால் மெக்கானிக் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கம்பெனிக்காரன் அடுத்த மாடலை அனுப்பினால் போதும்.